கேண்டிடா பத்தியமும் மூன்றாம் நாள் தலைவலியும்

போன இதழில் மழைக்காலத்துச் சேற்றுப்புண்ணைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், கட்டுக் கட்டாகக் கடிதங்கள்! மஞ்சளா, வேப்பெண்ணெயா என்று ஒரு பட்டிமன்றமே நடத்தியிருக்கிறீர்கள். அதற்கெல்லாம் அடுத்த தடவை பதில் சொல்கிறேன். இந்தத் தடவை ஒரே ஒரு கடிதத்தைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன். காரணம், அதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "உடம்பில் கேண்டிடா என்ற காளான் கிருமி பெருகிவிட்டது, அதைச் சுத்தம் செய்ய 21 நாள் பத்தியம் இருக்க வேண்டும் என்றார்கள். ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது. மண்டையைப் பிளக்கிற தலைவலி, வாயெல்லாம் கசப்பு, கைகால் ஓய்ச்சல். குழந்தைகளிடம் எரிந்து எரிந்து விழுகிறேன். கேட்டால், கிருமி கூட்டம் கூட்டமாகச் சாகிறது, அதன் விஷம் வெளியே வருகிறது, இது நல்ல அறிகுறிதான் என்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடரலாமா அக்கா?"

பத்திரிகை அச்சாகி அவர் கைக்குப் போய்ச் சேரப் பதினைந்து நாள் ஆகுமே! அதுவரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆவது? கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் அன்றைக்கே கூப்பிட்டுப் பேசிவிட்டேன். அவரிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் போனதையும்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, பள்ளிப் படிப்போடு நின்றவள் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதியதை எங்கள் ஊர் லேடி டாக்டரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டித் திருத்திக்கொண்டுதான் அனுப்புகிறேன்.

இந்தப் பத்தியத்தை நானும் இருந்து பார்த்திருக்கிறேன். நான் இருந்தது மூன்றரை நாள்தான். என் அக்கா ஏழு நாள் இருந்தாள்.

போன வருஷம் ஆடி மாசம். அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயசு. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வியாதி. சித்திரையில் அவளுடைய டாக்டர் ஒரு புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதிலிருந்து சர்க்கரை நன்றாகக் கட்டுப்பட்டது. ஆனால் இரண்டே மாசத்தில் மறைவிடத்தில் அரிப்பு, எரிச்சல், தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுதல் எல்லாம் ஆரம்பித்துவிட்டன. டாக்டர் ஆண். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று அக்கா வாயைத் திறக்கவேயில்லை. அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. பஜனைக் கோஷ்டியில் உடன் பாடுகிற ஒரு அம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் உடனே ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். 'கேண்டிடா கழிவு நீக்கம், 21 நாள்' என்று போட்டிருந்தது. போனில் வழிநடத்த ஒருவர் உண்டு. கட்டணம் 3,500 ரூபாய்.

அந்தக் காகிதத்தில் ஒரு பரீட்சை இருந்தது. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்ப வேண்டும். கால் மணி கழித்துப் பார்த்தால் எச்சிலிலிருந்து நூல் நூலாகக் கீழே இறங்கியிருந்தால் உடம்பில் கேண்டிடா நிறைந்திருக்கிறது என்று அர்த்தமாம். அக்கா துப்பினாள், நூல் இறங்கியது. நான் துப்பினேன், எனக்கும் இறங்கியது. சந்தேகத்துக்குப் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணையும் கூப்பிட்டுத் துப்பச் சொன்னோம். அவளுக்கு எங்களைவிட நீளமாக இறங்கியது! எச்சில் என்றால் கொழகொழப்பு இருக்கும், தண்ணீரில் விட்டால் இழையாக இறங்கத்தான் செய்யும் என்று அப்போது எங்கள் இரண்டு பேர் மூளைக்கும் எட்டவில்லை. அக்காவுக்குத் துணையாக நானும் இருக்கிறேன் என்று ஒரு வாரத்துக்குத் துணிமணி எடுத்துக்கொண்டு மாயவரம் போனவள்தான் நான். 'சரி, நமக்கும் இருக்கிறது போலிருக்கிறதே' என்று பத்தியத்திலும் சேர்ந்துகொண்டேன்.

பத்தியம் என்றால் லேசுப்பட்ட பத்தியம் இல்லை. அரிசி, கோதுமை, சர்க்கரை, வெல்லம், தேன், பழம், பால், கிழங்கு எதுவும் கூடாது. புளித்தது எதுவும் ஆகாது, அதனால் இட்லி தோசை இல்லை. காபி கிடையாது. சுரைக்காய், வெள்ளரிக்காய், கீரை, கொஞ்சம் முட்டை. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய், பச்சைப் பூண்டு நாலு பல், வினிகர் கலந்த தண்ணீர். முதல் மூன்று நாள் அந்த முட்டைகூடக் கிடையாது, வெறும் காய்கறி சூப்புத்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. மூன்றாம் நாள் அது கண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆணி அடித்தது. வெளிச்சம் பார்க்க முடியவில்லை. யார் பேசினாலும் அழுகை வந்தது. போன் அம்மாளிடம் சொன்னோம். "சந்தோஷப்படுங்கள்! கிருமி சாக ஆரம்பித்துவிட்டது. எத்தனை கஷ்டமோ அத்தனை சுத்தம்" என்றார். நாலாம் நாள் காலையில் வீட்டில் மாமியாருக்கு வழுக்கிவிட்டது என்று போன் வந்தது. ஒரு மணி நேரம் பஸ்ஸில் ஆடிக்கொண்டு கும்பகோணம் வந்து சேர்ந்தேன். பெரிய அடி ஒன்றுமில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்னடி இது, பேயறைஞ்ச மாதிரி இருக்கே" என்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து போய், ஒரு டம்ளர் டிகாக்ஷன் காபி கலந்து கையில் கொடுத்தார். மாமியார் கொடுத்ததை மறுக்க முடியுமா? குடித்துவிட்டேன். அரை மணியில் தலைவலி போன இடம் தெரியவில்லை.

அப்புறம் யோசித்தேன். கோடிக் கணக்கில் கிருமி செத்து, அதன் விஷத்தால் வந்த தலைவலி என்றார்களே, அது ஒரு டம்ளர் காபியில் எப்படிப் போகும்?

அது காபித் தலைவலி. இருபத்தைந்து வருஷமாகத் தினம் மூன்று வேளை காபி குடிக்கிற உடம்பு அது. திடீரென்று நிறுத்தினால் பன்னிரண்டிலிருந்து இருபத்து நாலு மணிக்குள் தலைவலி தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், சிலருக்கு ஒரு வாரம், ஒன்பது நாள்வரைகூட இருக்கும். கூடவே சோர்வு, எரிச்சல், கவனமின்மை, சில பேருக்குக் குமட்டல். டாக்டர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. காபியை விட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் வாரத்துக்கு அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டே வந்தால் இந்த அவஸ்தை இருக்காது.

என் கதை சிரிப்போடு முடிந்தது. அக்கா கதை அப்படி இல்லை.

அவள் தொடர்ந்தாள். சின்ன வயசிலிருந்தே விரதம் என்றால் கடைசிவரை இருந்துவிடுவாள். ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் வயிற்றுவலி, நாக்கு வறண்டு தாகம். போன் அம்மாள், "கடைசிக் கூட்டம் போகிறது, இன்னும் இரண்டே நாள்" என்றாராம். அத்தான் வீட்டிலிருந்த மெஷினில் சர்க்கரை பார்த்தார். 186. "சர்க்கரை ஒன்றும் ஏறவில்லையே" என்று அவரும் சும்மா இருந்துவிட்டார். ஏழாம் நாள் விடியற்காலை எனக்குப் போன் வந்தது. "உன் அக்கா படி ஏறினவள் மாதிரி மூச்சு வாங்குகிறாள், ஆனால் படுத்துக்கொண்டுதான் இருக்கிறாள்" என்றார் அத்தான்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தது சின்ன வயசு டாக்டர். என் பெண் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முதலில் கேட்டது, "அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்? பையைக் கொடுங்கள்" என்பதுதான். பையைக் கொட்டி, ஒரு அட்டையை எடுத்துப் பார்த்து, "இதைப் பட்டினியோடு சாப்பிட்டார்களா?" என்றார். ஆமாம், சாப்பிட்டாள். சோறு இல்லாவிட்டாலும் மாத்திரை தவறக்கூடாது என்று ஒரு நாள் விடாமல் சாப்பிட்டாள். உடனே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏகத்துக்கு ஏறியிருந்தது. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், ஒரு கையில் இன்சுலின் ஏறுகிறது, இன்னொரு கையில் குளுகோஸ் ஏறுகிறது. இதென்னடா கூத்து, சர்க்கரையைக் குறைக்கவும் மருந்து, ஏற்றவும் மருந்தா என்று எனக்குத் தலை சுற்றியது.

அந்தப் பெண் டாக்டர் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னதை என் சமையலறை பாஷையில் சொல்கிறேன். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்று 'ஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகள் சில உண்டு. இப்போது நம் ஊரில் நிறையப் பேருக்கு எழுதுகிறார்கள். நல்ல மாத்திரைதான், இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும்கூடப் பாதுகாப்பு. அது வேலை செய்கிற விதம், ரத்தத்தில் அதிகமாக இருக்கிற சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியே தள்ளுவது. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிராம் சர்க்கரைகூடப் போகும். சர்க்கரை போகிற வழியில் காளானுக்கு விருந்து! மறைவிடத்தில் அரிப்பும் வெள்ளையும் வருவது இந்த மாத்திரைக்கு மிகவும் தெரிந்த பக்க விளைவு. அக்காவுக்கு வந்ததும் அதனால்தான் என்றார். மாத்திரை கொடுத்த டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு சின்ன மருந்தோடு முடிந்திருக்கும்.

அதன் பிறகு நடந்ததுதான் விபரீதம். உள்ளே வருகிற மாவுச்சத்தை அடியோடு நிறுத்திவிட்டாள். இருப்பதையும் மாத்திரை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. அடுப்புக்குக் காய்ந்த விறகு இல்லாவிட்டால் ஈர விறகை வைத்து ஊதுவோம் இல்லையா? உடம்பு கொழுப்பை எடுத்து எரித்தது. அந்தப் புகைதான் கீட்டோன். சாதாரண உடம்பில், கொஞ்சம் புகை வந்தாலும் இன்சுலின் அதைக் கட்டுக்குள் வைக்கும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு, அதுவும் இந்த மாத்திரையோடு, கட்டு மீறிப் போய் ரத்தமே புளித்துவிடும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, அசதி, பெருமூச்சு எல்லாம் அதனால் வந்தவை. சர்க்கரை வழக்கமாக இந்த நிலையில் எக்கச்சக்கமாக ஏறும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் அது 250-க்குக் கீழேயே இருந்து ஆளை ஏமாற்றும். மெஷினில் 186 பார்த்து அத்தான் ஏமாந்தது அப்படித்தான். 2015-லேயே அமெரிக்க அரசின் மருந்துத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறதாம். வாந்தி எடுக்கிற நாள், பட்டினி கிடக்கிற நாள், ஆபரேஷனுக்கு முன்னால் எல்லாம் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம். உங்கள் வீட்டில் யாராவது சாப்பிடுகிறார்களா என்று இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு மாத்திரை டப்பாவைப் பாருங்கள். ஏகாதசி, சஷ்டி என்று விரதம் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளாமல் இருக்கவே வேண்டாம்.

பழைய மாத்திரைகளிலும் ஜாக்கிரதை வேண்டும். கிளிமிப்பிரைடு, கிளைபென்கிளமைடு வகையைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழறல், அப்புறம் மயக்கம். இதையும் 'விஷம் வெளியேறுகிறது' என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன கதி?

சரி, இந்தக் 'கிருமி சாகிறது' கதை எங்கிருந்து வந்தது? அக்கா வீடு திரும்பிய பிறகு நானும் என் பெண்ணும் உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தோம். முழுப் பொய் இல்லை, வேறு வியாதிக்குச் சொன்னதை இங்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். 1895-இல் யாரிஷ் என்ற ஆஸ்திரிய டாக்டரும், 1902-இல் ஹெர்க்ஸ்ஹைமர் என்ற ஜெர்மன் டாக்டரும் மேகநோய்க்குப் பாதரச மருந்து கொடுத்தபோது ஒன்றைக் கவனித்தார்கள். மருந்து கொடுத்த சில மணியிலேயே காய்ச்சல், குளிர் நடுக்கம், தலைவலி, உடம்பு வலி வந்து, புண்களும் சிவந்துவிட்டு, ஒரு நாளுக்குள் தணிந்துவிடும். அவர்கள் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். பின்னால் பென்சிலின் வந்தபோதும் இது நடந்தது. எலிக்காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கும்போதும் சிலருக்கு வரும். சுருள் சுருளாக இருக்கிற ஒரு ஜாதிக் கிருமிகள் மருந்தால் ஒரே சமயத்தில் உடைவதால் வருவது அது. மருந்து போட்ட அன்றே வரும், மறுநாள் போய்விடும். சுரைக்காய் சூப்பைக் குடித்துவிட்டு ஒரு வாரம், இரண்டு வாரம் படுத்துக் கிடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சர்க்கரையை நிறுத்தினால் குடலிலுள்ள காளான் கூட்டமாகச் சாகும் என்பதற்கே சரியான நிரூபணம் இல்லை என்கிறார் எங்கள் லேடி டாக்டர்.

பத்தியத்துக்கு ஊர் அமெரிக்கா. அலபாமா மாநிலத்தில் டிரஸ் என்ற டாக்டர் 1978-இலிருந்து, சோர்வு, மனச்சோர்வு, தலைவலி எல்லாவற்றுக்கும் காரணம் குடலில் பெருகும் ஈஸ்ட்தான் என்று எழுதி வந்தார். டென்னஸியில் வில்லியம் குரூக் என்ற குழந்தை டாக்டர் அதை எடுத்துக்கொண்டு 1983-இல் 'தி ஈஸ்ட் கனெக்ஷன்' என்று ஒரு புத்தகம் போட்டார். புத்தகம் சக்கைப் போடு போட்டது. அலுப்பு, எரிச்சல், மறதி, இனிப்பு ஆசை என்று அதில் இருக்கிற கேள்விகளுக்கு எந்தக் குடும்பப் பெண் 'இல்லை' என்று பதில் சொல்லப் போகிறாள்? எனக்குப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்'தான்! 1986-இல் அங்கேயுள்ள ஒவ்வாமை டாக்டர்களின் சங்கம் இது நிரூபிக்கப்படாத ஊகம் என்று சொல்லிவிட்டது. அதோடு விடாமல் அலபாமாவிலேயே 42 பெண்களுக்கு மாற்றி மாற்றி நிஸ்டாடின் என்ற காளான் மருந்தையும் வெறும் மாத்திரையையும் கொடுத்து, எது எது என்று சொல்லாமல், 32 வாரம் பார்த்து 1990-இல் வெளியிட்டார்கள். மறைவிட அரிப்பு மருந்தால் நன்றாகக் குறைந்தது. சோர்வு, மனச்சோர்வு முதலியவை மருந்துக்கும் வெறும் மாத்திரைக்கும் ஒரே மாதிரிதான் குறைந்தன.

அந்த நிஸ்டாடின் பெயர் வந்ததும் ஒரு விஷயம் சொல்லாமல் போக மனசு வரவில்லை. அதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். எலிசபெத் ஹேசன் நியூயார்க் நகரத்தில், ரேச்சல் பிரவுன் ஆல்பனியில். மண்ணிலிருந்து எடுத்த கிருமிகளை ஜாடியில் போட்டுத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பிச் சோதித்து, 1950-இல் கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சுருக்கி மருந்துக்கு வைத்தார்கள். மருந்தால் வந்த பல லட்சம் டாலரில் ஒரு காசுகூடத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் அந்த மருந்து உபயோகத்தில் இருக்கிறது.

பத்தியத்தின்போது வருகிற மற்ற உபாதைகளுக்கும் பெரும்பாலும் வீட்டுக் காரணங்கள்தான். நம் உடம்பு மாவுச்சத்தைச் சேமிக்கும்போது ஒரு பங்குக்குச் சுமார் மூன்று பங்கு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்கிறது. சோறு நின்றதும் அந்தத் தண்ணீர் இறங்கிவிடும், கூடவே உப்பும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று குதிப்பது இந்தத் தண்ணீரைத்தான்! எழுந்தால் கண் இருட்டுவதும், கெண்டைக்காலில் குரக்களி பிடிப்பதும், தலை கனப்பதும் இதனால். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். வெறும் வயிற்றில் தேங்காய் எண்ணெய் குடித்தால் பேதியாகும், அதற்குக் கிருமி எதற்கு? பச்சைப் பூண்டும் வினிகரும் நெஞ்சைக் கரிக்கும், வாயைக் கசக்க வைக்கும். திடீரென்று கீரையும் காயுமாகத் தின்றால் வயிறு உப்பிக் காற்றுப் பிரியும். பசியில் எரிந்து விழாத தாயார் யார்? உடம்பில் தடிப்பு, சொறி வந்தால் கொடுத்த சூரணமோ எண்ணெயோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். அதை நிறுத்த வேண்டுமே தவிர, தோல் வழியாக விஷம் வருகிறது என்று இன்னும் ஒரு ஸ்பூன் கூட்டக் கூடாது.

காய்ச்சல் என்றால் அது பத்தியத்தோடு சேர்ந்ததே இல்லை, வேறு ஏதோ வந்திருக்கிறது. வாந்தி நிற்காவிட்டால், மூச்சு வாங்கினால், பேச்சு குழறினால், மயக்கம் வந்தால், மலம் கறுத்தாலோ ரத்தம் போனாலோ போனில் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிதான். சாப்பிடுகிற மாத்திரைகளையெல்லாம் பையோடு எடுத்துப் போங்கள். அக்காவைக் காப்பாற்றியது அந்தப் பைதான்.

கேண்டிடா என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆரோக்கியமான எத்தனையோ பேர் வாயிலும் குடலிலும் பெண்களின் மறைவிடத்திலும் அது சாதுவாகக் குடியிருக்கிறது. அதை ஒட்டுமொத்தமாகத் துடைத்து எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆண்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு, கர்ப்ப காலத்தில், சர்க்கரை ஏறியிருக்கும்போது, ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும்போது தலைதூக்கும். நாலு பெண்களில் மூன்று பேருக்கு ஆயுளில் ஒரு தடவையாவது அந்த அரிப்பு வருகிறது. அத்தனை சாதாரணமான ஒன்றுக்கு எத்தனை கூச்சம் பாருங்கள்! ஆஸ்துமாவுக்கு மருந்தை உறிஞ்சுகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டால் வாயில் வருவது பெரும்பாலும் வராது. ஆஸ்பத்திரியில் மிகவும் முடியாமல் கிடக்கிற நோயாளிகளுக்கு ரத்தத்திலேயே கேண்டிடா கலந்து ஆபத்தாவதும் உண்டு, ஆனால் அது வீட்டில் நடமாடிக்கொண்டு சமைக்கிறவர்களுக்கு வருகிற சமாசாரம் இல்லை.

மறைவிடத்தில் வந்தால் வைத்தியம் எளிது. உள்ளே வைக்கிற குளோட்ரிமசோல் மாத்திரை, அல்லது வாயில் போடுகிற ஃப்ளூகோனசோல், டாக்டர் பார்த்துக் கொடுப்பார். கர்ப்பிணிகள் வாயில் போடுகிற மாத்திரையைத் தாங்களாகக் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாது. வெள்ளைப்படுகிறதெல்லாம் கேண்டிடாவும் இல்லை. மீன் நாற்றம் அடித்தால், பச்சை மஞ்சளாக நுரைத்து வந்தால் அது வேறு, மருந்தும் வேறு. அதனால் முதல் தடவை ஒரு லேடி டாக்டரிடம் காட்டிவிடுவதுதான் உத்தமம். வருஷத்தில் மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தால் ரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். எத்தனையோ பெண்களுக்குச் சர்க்கரை வியாதி இருப்பதே இப்படித்தான் தெரிய வருகிறது.

இனிப்பைக் குறைப்பது நல்லதுதான், அதற்கு நான் விரோதி இல்லை. ஆனால் இட்லியை ஏன் தள்ளி வைக்கிறார்களோ! மாவு புளிக்கிறது என்பதற்காகவாம். ஆவியில் வெந்த பிறகு அதில் உயிரோடு இருந்து நம்மைப் படுத்துவதற்கு என்ன இருக்கிறது?

அக்காவுக்கு அந்த மாத்திரையை நிறுத்தி வேறு மாத்திரை மாற்றினார்கள். அரிப்புக்கு ஒரு வாரம் மருந்து வைத்துக்கொண்டாள், போய்விட்டது. 3,500 ரூபாயை அத்தான் கேட்கப் போனார். திருப்பித் தர முடியாது, பாதியில் நிறுத்தியது உங்கள் தப்பு என்றார்களாம். அக்கா இப்போது டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போய் நீட்டிவிடுகிறாள். வாயால் சொல்லத்தானே கூச்சம், எழுதிக் கொடுக்க என்ன என்கிறாள். டாக்டரும் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மருந்து எழுதுகிறாராம்.

தென்காசிச் சகோதரியிடம் நான் முதலில் கேட்ட கேள்வி, "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்பதுதான். சர்க்கரை மாத்திரை எதுவும் இல்லை, தைராய்டுக்கு ஒன்று மட்டும்தான் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "காபியா, டீயா?" என்றேன். டீ, ஒரு நாளைக்கு ஐந்து தடவையாம்! பத்தியம் ஆரம்பித்த அன்றைக்கே அடியோடு நிறுத்திவிட்டாராம். ஒரு டம்ளர் டீயும், கொஞ்சம் மோரில் உப்புப் போட்டும் குடித்துவிட்டு, ரசம் சாதம் சாப்பிட்டுப் படுங்கள், அரிப்புக்கு நாளைக்கு லேடி டாக்டரைப் பாருங்கள் என்றேன். மறுநாள் சாயங்காலம் அவரே கூப்பிட்டார். தலைவலி போய்விட்டதாம். டாக்டர் பார்த்து மருந்து கொடுத்து, ரத்தம் எடுக்கவும் எழுதியிருக்கிறாராம். ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன் என்றார். பின்னால் குழந்தைகள் கத்துகிற சத்தம் கேட்டது, அவர் இந்தத் தடவை எரிந்து விழவில்லை.